திடப்படுத்தலுக்குப் பிறகு என்ன படிப்பு?

நம் சங்க இதழைப் படிப்பவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மதப் பிரசாரக் கட்டுரை அல்ல. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களின் பக்கம் போகிறவர்கள், ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் சிலர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கலாம். தலை நரைத்தவர்கள், கைக்குழந்தையோடு இளம் தாய்மார்கள், ஒன்றிரண்டு கல்லூரி மாணவர்கள் என்று கலவையான கூட்டம். "என்ன சார், ரிட்டயர் ஆன பிறகு பரீட்சைக்குப் படிக்கிறீர்களா?" என்று எங்கள் தெரு நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்கு நின்றபடி சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். தென்னக ரயில்வேயிலும், 2003-க்குப் பிறகு தென்மேற்கு ரயில்வேயிலுமாகத் தண்டவாளப் பராமரிப்பிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. எங்கள் இலாகாவில் ஒரு கட்டாயம் உண்டு. ரயில் ஓட்டத்தின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவர் எவ்வளவு பழுத்த அனுபவசாலியானாலும், குறித்த காலத்துக்கு ஒரு முறை ரெஃப்ரெஷர் கோர்ஸ் போய் வந்தாக வேண்டும். "இருபத்தைந்து வருஷ சர்வீஸ், எனக்கே பாடமா?" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பெட்டி கட்டுவார்கள். ஆனாலும் போவார்கள்.

திருச்சபையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் சில மாதங்கள் வகுப்பு நடத்தி, பேராயர் தலையில் கை வைத்துத் 'திடப்படுத்தல்' கொடுக்கிறார். கத்தோலிக்கர்கள் இதை 'உறுதிப்பூசுதல்' என்பார்கள். அதோடு பெரும்பாலோருக்குப் படிப்பு முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் அது எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று. பதினைந்து வயதில் புரிந்துகொண்ட கடவுளை வைத்துக்கொண்டே கல்யாணம், கடன், வேலை இழப்பு, பெற்றோர் சாவு எல்லாவற்றையும் ஒருவர் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு பாலம் கட்டச் சொன்னால் எப்படி?

படிப்பு என்றால் பிள்ளைகளுக்கு, பிரசங்கம் என்றால் பெரியவர்களுக்கு என்கிற இந்தப் பாகுபாடு ஆதியில் இருந்ததல்ல. சரித்திரத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்குத்தான் முதலில் பாடம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய் மக்களைக் கூட்டினார். படித்துக்கொண்ட சிறுவர்களை, வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். 1544-ல் அவர் எழுதிய கடிதத்திலேயே இந்த விவரம் இருக்கிறது. குழந்தைகள் அங்கே வெறும் மாணவர்களாக இல்லை, வீட்டுக்குள் போகும் ஆசிரியர்களாக இருந்தார்கள்.

அதே கடற்கரையில் உழைத்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல்தான் இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. பதினாறே பக்கம். அது காவியமோ இலக்கணமோ அல்ல, ஒரு ஞானோபதேசப் பாடப் புத்தகம்! மறுவருஷம் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் சீடரும் பேசிக்கொள்ளும் முறையில் அமைந்தது. ஆக, தமிழ் அச்சு எந்திரம் ஏறியதே வகுப்பு நடத்துவதற்காகத்தான். அச்சுக்கலை பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

சீர்திருத்தச் சபைகளின் பக்கமும் இதே கதைதான். ஜெர்மனியில் 1528-ல் ஊர் ஊராகப் போய்ப் பார்த்த மார்ட்டின் லூதர், பெரியவர்களுக்கே அடிப்படை ஜெபங்கள் தெரியவில்லை என்று கண்டு அதிர்ந்து போய், 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எப்படி எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அதாவது, பாடசாலை வீடு, வாத்தியார் தகப்பன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழில் கொண்டுவந்த நூல்களில் இதுவும் ஒன்று.

பிறகு எப்படி இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது? இங்கிலாந்தில் குளஸ்டர் நகரத்துப் பத்திரிகைக்காரர் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலையில் உழைத்த ஏழைச் சிறுவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே நாள் ஞாயிறு. அன்று எழுத்தறிவும் வேதமும் சேர்த்துக் கற்பித்தார்கள். மிக நல்ல காரியம். நம் நாட்டிலும் இந்திய ஞாயிறு பள்ளி ஐக்கியம் 1876-ல் அலகாபாத்தில் அமைந்தது. ஆனால் ஞாயிறு பள்ளி வெற்றி பெறப் பெற, "பிள்ளைகளுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிறார்களே" என்று வீட்டில் பெரியவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். இதற்கு விதிவிலக்கும் உண்டு. வேல்ஸ் நாட்டில் தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகரின் முயற்சியால் ஞாயிறு பள்ளிக்கு எல்லா வயதினரும் போனார்கள். 1798-ல் நாட்டிங்ஹாமில் ஆலைகளில் வேலை செய்த இளம் பெண்களுக்காகப் பெரியோர் பள்ளி ஒன்று தொடங்கியது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது படையோடு வந்தவர்களில் தமிழர் ஏராளம். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்ததும் வரத்து இன்னும் கூடியது. (எங்கள் இலாகாவின் பங்கை விட்டுவிட மனமில்லை!) தமிழர்களுக்கென்று ஆங்கிலிக்கன் மிஷன் கட்டிய தூய பவுல் ஆலயம் 1840-ஐச் சேர்ந்தது. சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோயிலில் செப்டம்பர் திருவிழாவுக்குக் கூடும் தமிழ்க் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எனவே தமிழில் வேதம் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பெரியவர்களுக்கு முறையாகப் பாடம் நடத்தலாம் என்ற எண்ணத்துக்கு இந்தியா முழுவதற்குமே பெங்களூர் ஒரு தலைமை இடமாக இருந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

கத்தோலிக்கத் திருச்சபையில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்த பிறகு, 1967-ல் இந்திய ஆயர் பேரவை பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவியது. ஹட்சின்ஸ் சாலைப் பக்கம் போனவர்கள் அதன் கோயிலின் இந்தியக் கட்டட அமைப்பைப் பார்த்திருப்பார்கள். அதை நிறுவி முதல் இயக்குநராக 1982 வரை நடத்தியவர் ஒரு தமிழர்: பழைய தென்னார்க்காடு மாவட்டம் கல்லேரி கிராமத்தைச் சேர்ந்த அமலோர்பவதாஸ் அடிகளார். அவருடைய தமையனார்தான் 1968 முதல் 1971 வரை பெங்களூர் பேராயராக இருந்து, பின்பு ரோமுக்குச் சென்று, 1985-ல் கர்தினால் ஆன லூர்துசாமி ஆண்டகை. ஒரு சிற்றூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரின் காலடியும் இந்த ஊரில் பட்டிருக்கிறது. தம்பியார் பிறகு மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் பேராசிரியராக இருந்தார், அஞ்சலி ஆசிரமத்தை அமைத்தார். 1990-ல் சாலை விபத்தில் காலமானார். மறைக்கல்வி என்பது கேள்வி பதிலை ஒப்பிப்பதோடு நிற்கக் கூடாது, படிப்பவரின் வாழ்க்கையிலிருந்தும் நாட்டின் பண்பாட்டிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது அவர் பாடுபட்ட கொள்கை. அதே காலத்தில், 1971-ல், ரோமிலிருந்து வந்த மறைக்கல்வி வழிகாட்டி நூலும், பெரியவர்களுக்கான மறைக்கல்வியே முதன்மையானது, மற்றவை அதை ஒட்டியவை என்று வெளிப்படையாகச் சொன்னது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம், அதே 1971-ல் பெங்களூரில் 'டாஃப்டீ' என்ற அமைப்பு தொடங்கியது. விரிவாக்க முறை இறையியல் கல்வி என்று பெயர். இந்த முறை பிறந்தது மத்திய அமெரிக்காவின் கவுத்தமாலா நாட்டில், 1963-ல். அங்கே இறையியல் கல்லூரி தலைநகரில் இருந்தது. கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்களோ குடும்பஸ்தர்கள், விவசாயிகள். வேலையை விட்டுவிட்டு வந்து விடுதியில் தங்க முடியாது. சரி, மாணவன் வர முடியாவிட்டால் பாடம் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த முறைதான் இங்கே வந்து, ஆங்கிலத்திலும் தமிழ் உள்ளிட்ட நம் மொழிகளிலும் பாடப் புத்தகங்களாக ஆனது. வங்கிக் குமாஸ்தா, நர்ஸ், மெக்கானிக், இல்லத்தரசி என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதன் நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் வகுப்பும் இதை ஒட்டியே நடக்கிறது. பாடப் புத்தகம் வெறுமனே படித்துவிட்டுப் போகும் புத்தகம் இல்லை. ஒரு பத்தி, உடனே அதில் ஒரு கேள்வி, எழுதக் கோடு. எழுதியபின் சரியான விடையைப் பார்த்துக்கொள்ளலாம். அன்றாடம் அரை மணி நேரம் வீட்டில் இப்படி. வாரத்தில் ஒரு நாள் குழுவாகக் கூடுவது. அந்தக் கூட்டத்தில் வழிகாட்டி பிரசங்கம் செய்யக் கூடாது, அது கண்டிப்பு. வீட்டில் படித்ததை வைத்துக் கேள்வி கேட்டு எல்லோரையும் பேசவைப்பதே அவர் வேலை. மூன்றாவதாக, படித்ததை அந்த வாரத்தில் எங்காவது செய்து பார்க்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பதோ, பேசாமல் இருக்கும் தம்பியோடு பேசுவதோ, எதுவாகவும் இருக்கலாம்.

டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு மரவேலியை உவமையாகச் சொன்னார். மேல் கட்டை ஒன்று, வீட்டுப் படிப்பு. கீழ்க் கட்டை ஒன்று, அனுபவம். இரண்டையும் தாங்கும் கம்பங்கள் வாராந்தரக் கூட்டம். பின்னால் வந்த சிலர் வேலியை மாற்றி ரயில் பாதையாக்கினார்கள்: இரண்டு தண்டவாளம், நடுவே ஸ்லீப்பர் கட்டைகள், அடியில் ஜல்லியாகப் பக்தி வாழ்க்கை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஸ்லீப்பரின் முக்கிய வேலை என்ன தெரியுமா? பாரம் தாங்குவது பாதிதான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாறாமல் பிடித்து வைப்பது மற்றப் பாதி. நம் அகலப் பாதையில் அது 1676 மில்லிமீட்டர். அதற்காக முக்கியத் தடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் போடுகிறோம், ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒன்று. ஒன்றிரண்டு தளர்ந்தால் வண்டி ஓடிவிடும். வரிசையாகத் தளர்ந்தால் பாதை விரியும், சக்கரம் இறங்கும். வகுப்புக்கு ஒரு வாரம் வராதவரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. தொடர்ந்து நான்கு வாரம் வராதவருக்குப் படிப்பு ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமும் விலகிப் போகத் தொடங்கியிருக்கும். அவரைப் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு.

எங்கள் ஆலயத்தில் இரண்டு வகுப்பு. பெரியவர் வகுப்பு வாரா வாரம். மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்ப வகுப்பு; பாட்டி தாத்தா, அப்பா அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடத்துக்கு உட்கார வேண்டும். உபதேசியார் காலத்தில் இருந்த முறைதான் இது, பெயர்தான் புதிது.

குடும்ப வகுப்பில் சென்ற வருஷம் ரூத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டோம். நான்கே அதிகாரம். பெத்லகேமில் பஞ்சம், ஒரு குடும்பம் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறது. அங்கே புருஷன் இறக்கிறான், அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிய இரண்டு மகன்களும் இறக்கிறார்கள். மாமியார் நகோமி ஊர் திரும்பப் புறப்படுகிறாள். ஒரு மருமகள் ஒர்பாள் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள், மற்றவள் ரூத் மாமியாரோடு போகிறாள். பிழைக்க வந்த ஊரில் இருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா? பிரசங்கங்களில் எப்போதும் ரூத்துக்குப் பாராட்டும் ஒர்பாளுக்குக் குட்டும் விழும். வகுப்பில் ஓர் அம்மா எழுந்து, "ஒர்பாளை ஏன் குறை சொல்லணும்? போகச் சொன்னதே மாமியார்தானே. அவளுக்கும் அங்கே ஒரு தாய் காத்துக்கொண்டிருப்பாளே" என்றார். வேதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒர்பாளைக் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை. சொன்ன அம்மாவின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். இந்தக் கேள்வி பிரசங்கத்தில் எழவே முடியாது, ஏனென்றால் அங்கே கை தூக்க இடமில்லை.

அன்றைக்கே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "ரூத் அந்த ஊருக்குப் போய் என்ன பாஷை பேசினாங்க தாத்தா?" என்று கேட்டான். பெங்களூர்ப் பிள்ளைக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். 1868-ல் யோர்தானில் திபான் என்ற இடத்தில் மேசா என்ற மோவாப் அரசனின் கல்வெட்டு அகப்பட்டது, இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மொழி எபிரெயத்துக்கு மிகவும் நெருக்கமானது, நம் தமிழ் கன்னட உறவைவிட நெருக்கம். ஆகவே ரூத்துக்கு அதிகக் கஷ்டம் இருந்திருக்காது என்று அடுத்த மாதம் அவனுக்குச் சொன்னேன். அவன் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்படின்னாலும் கிண்டல் பண்ணியிருப்பாங்க" என்றான்.

மொழிதான் இப்போது எங்கள் வகுப்பின் பெரிய பிரச்சினை. பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் பலருக்குப் படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். ஞானப்பாட்டைக்கூட ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதி வைத்துப் பாடுகிறார்கள். போதாக்குறைக்கு வேதாகமத் தமிழே இரண்டு வகை. நாங்கள் பரம்பரையாக வாசிப்பது 1871-ல் வெளியான, பவர் ஐயர் தலைமையில் திருத்திய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995-ல் வந்தது. அங்கே தேவன், இங்கே கடவுள். அங்கே கர்த்தர், இங்கே ஆண்டவர். சுவிசேஷம் நற்செய்தியாகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும் ஆகியிருக்கின்றன. பாட்டிக்குப் பழையது இல்லாவிட்டால் வேதம் வாசித்த மாதிரியே இல்லை. பேத்திக்குப் புதியதே பாதிதான் புரிகிறது. நாங்கள் கண்ட வழி, பாட்டி பழையதை உரக்க வாசிப்பார். தாய் புதியதில் அதே வசனத்தைப் பார்ப்பார். பேத்தி ஆங்கிலத்தில் தேடுவாள். பிறகு மூவரும் தங்கள் வார்த்தையில் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும். ஓர் அதிகாரம் முடிய இரண்டு மாதம்கூட ஆகிறது. ஆனால் பாட்டியும் பேத்தியும் ஒரே விஷயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது வேறு எங்கே நடக்கிறது, சொல்லுங்கள்!

இந்த நிலையில், வருகிற ஜூன் முதல் குடும்ப வகுப்பை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று எங்கள் கமிட்டியில் ஒரு யோசனை வந்திருக்கிறது. கேட்பவர்கள் தமிழ் விரோதிகள் அல்லர். ஒருவருடைய மருமகள் மங்களூர்ப் பெண், இன்னொருவருடைய மருமகன் மலையாளி. "அவங்களும் வந்து உட்காரணுமா வேண்டாமா?" என்ற கேள்வி நியாயமானது. எனக்கு உடன்பாடில்லை என்பதைக் கூட்டத்தில் சொன்னேன். பெரியவர்களே முதல் ஆசிரியர்கள் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தட்டுத் தடுமாறிப் பேச வருகிற மொழியில் வகுப்பை வைத்தால், அவர்கள் வாயை மூடிக்கொண்டு பேரனின் பக்கத்தில் அலங்காரமாக உட்கார்ந்திருப்பார்கள். மணியடித்து சவேரியார் கூட்டிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடிந்தது, வீட்டிலும் தெருவிலும் ஒரே தமிழ் இருந்ததால்தான். நான் கேட்பது, பாடத்தாளில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். கேள்விகளை மட்டும் வீட்டில் யார் யாருக்குப் புரியவைக்க வேண்டுமோ அவர்கள் மொழிபெயர்க்கட்டும் என்பது. மங்களூர் மருமகள் சென்ற மாதம் வந்திருந்தார். மாமியார் சொன்னதைக் கணவர் ஆங்கிலத்தில் சொல்ல, அது சரியில்லை என்று மாமியாரே திருத்தினார். அவருக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது மகனுக்கே அன்றுதான் தெரியும்.

கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. மாதிரிக்காக இரு மொழியில் நான்கு பாடத்தாள் தயாரித்துக் கொடுக்கும்படி போதகர் ஐயா கேட்டிருக்கிறார். யோனாவின் சரித்திரத்தை எடுத்திருக்கிறேன். அதுவும் நான்கே அதிகாரம். தமிழ்ப் பக்கத்தைத் தட்டச்சு செய்துதர நம் சங்க நண்பர் ஒருவர், வைணவர், முன்வந்திருக்கிறார். முதல் தாளில் அவர் கண்டுபிடித்த சந்திப்பிழைகள் பதினொன்று.